லைசன்ஸை மீறுவது குற்றமா, வெறும் வாக்கு மீறலா?

நிலாவெளி வீதிப் பக்கம் ஸ்டுடியோவும் சின்னதாக பிரின்டிங் வேலையும் செய்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் மூன்று கம்பியூட்டர். போட்டோஷொப் மூன்றிலும் கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓடவிட்டது. அதில் ஒன்றில் மச்சான் படிப்புக்கென்று வாங்கின, வீட்டுக்கும் மாணவருக்குமான ஒபிஸ் இருக்கிறது, அதில்தான் கடையின் பில் எல்லாம் அடிக்கிறார்கள். மாமா கடையை இவரிடம் கொடுக்கும்போது காசு கொடுத்து வாங்கின கோரல் ட்ரோ 12 என்ற டிசைன் மென்பொருள் பெட்டி ஒன்றும் அலுமாரியில் கிடந்ததாம். அவர் கேட்கிறது இதுதான்: "அண்ணா, லைசன்ஸ் என்றால் கம்பனிக்கும் எனக்கும் இடையில் உள்ள உடன்படிக்கைதானே. மீறினால் அவன் வழக்குப் போடலாம், சரி. ஆனால் அது பொலிஸ் பிடிக்கிற குற்றமா?"

தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. பிழையான பாதிதான் உங்கள் கடையைத் தொடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் இப்போது சட்டத்தரணி, அதற்கு முதல் நாலு வருடம் திருகோணமலை டவுனில் ஒரு கடையில் கம்பியூட்டர் திருத்தினவன். ஒரே சீடியை எத்தனை மெஷினில் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அப்போது நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உவர்மலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வீட்டுக்காரர் முன் அறை இரண்டையும் குசினியையும் உங்களுக்குத் தந்துவிட்டு, பின் அறையில் தன் சாமான்களை வைத்துப் பூட்டியிருக்கிறார். எழுதின பத்திரத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒரு வரியும் இருக்கிறது. நீங்கள் நாய் வளர்த்தால் கொடுத்த வாக்கை மீறுகிறீர்கள், அவர் உங்களை எழுப்பலாம், நட்டம் கேட்கலாம், ஆனால் அதற்காக உங்களைக் கூட்டில் ஏற்ற முடியாது. பின் அறைப் பூட்டை உடைத்து உள்ளே போனால் கதை வேறு. அந்த அறைக்குள் போக உங்களுக்கு அனுமதியே தரப்படவில்லை, பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டாலும் அது பிழைதான். மென்பொருள் லைசன்ஸும் இப்படித்தான், வாக்குகளும் அனுமதியும் ஒரே பத்திரத்தில் கலந்து கிடக்கின்றன. எதை மீறுகிறோம் என்று பார்க்காமல் "லைசன்ஸ் மீறல் சட்ட மீறலா" என்று கேட்டால் பதிலே வராது.

எங்கள் நாட்டில் இதற்கு அடிப்படை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். புத்தகம், கட்டுரை போன்றவற்றோடு கணினி நிரலையும் பதிப்புரிமை உள்ள படைப்பாக அது சேர்த்திருக்கிறது. பிரதி எடுக்கும் உரிமை படைப்பின் உரிமையாளருக்கு உரியது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பிரதி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் மின்னணு வடிவில் தற்காலிகமாகச் சேமித்து வைப்பதும் அடங்கும். ஒரு புத்தகத்தை வாசிப்பதற்கு அதைப் பிரதி எடுக்கத் தேவையில்லை. மென்பொருளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றாமல், அங்கிருந்து மெமரிக்குக் கொண்டுவராமல் பயன்படுத்தவே முடியாது. ஆகவே ஒவ்வொரு பாவனைக்குள்ளும் ஒரு பிரதி ஒளிந்திருக்கிறது, அதற்கான அனுமதியைத்தான் லைசன்ஸ் தருகிறது. கம்பனிகள் இத்தனை பக்கத்துக்கு எழுதித் தள்ளுகிற தைரியம் இங்கிருந்துதான் வருகிறது.

நான் எப்போதும் வைத்துப் பார்க்கிற கேள்வி ஒன்று உண்டு. லைசன்ஸில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை மீறும்போது நீங்கள் செய்கிற காரியம் பிரதி எடுப்பது, மாற்றி எழுதுவது, மற்றவருக்கு விநியோகிப்பது என்று உரிமையாளருக்கே உரிய ஒன்றைத் தொடுகிறதா? தொடாவிட்டால் அது நாய் வளர்க்கிற கணக்கு. அப்பிளின் ஐடியூன்ஸ் உடன்படிக்கையில் அணு ஆயுதம் செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது பலருக்கும் தெரியும். அணு ஆயுதம் செய்வது எவ்வளவு பெரிய குற்றமாக இருந்தாலும் அது பதிப்புரிமை மீறல் ஆகாது.

அமெரிக்காவில் இதை நேரடியாகவே ஒரு வழக்கில் பார்த்தார்கள். வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட் என்ற விளையாட்டில், ஆள் இல்லாமலே விளையாடிப் படிகளைக் கடந்து தரும் கிளைடர் என்ற நிரலை ஒருவர் விற்றார். அப்படியான நிரல்களைப் பாவிக்கக் கூடாது என்று பிளிஸார்ட் கம்பனியின் விதிகளில் இருந்தது. 2010இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: அந்த விதி ஒரு வாக்குறுதி மட்டும்தான், அனுமதியின் எல்லையைக் குறிக்கிற நிபந்தனை கிடையாது, ஆகவே கிளைடர் பாவிக்கிறவர் பதிப்புரிமையை மீறவில்லை. ஆனால் விற்றவர் முழுதாகத் தப்பவில்லை. விளையாட்டுக்குப் போட்டிருந்த காவல் பூட்டைச் சுற்றிப் போகிற கருவியை விற்றார் என்ற வகையில், அங்குள்ள வேறொரு சட்டத்தில் மாட்டினார். அமெரிக்கத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாக்குக்கும் எல்லைக்கும் இடையிலான கோட்டை இவ்வளவு தெளிவாகப் போட்ட வழக்குகள் குறைவு, அதனால்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் கடைக்கு வருவோம். கிராக் போட்டோஷொப்பைப் பொறுத்தவரை மேலே சொன்ன நுணுக்கம் எதுவும் தேவையில்லை. அங்கே மீறுவதற்கு லைசன்ஸே கிடையாது. வாடகைக்கு எடுத்தவர் நாய் வளர்த்த கதையா இது? வாடகைக்கே எடுக்காதவர் வீட்டுக்காரர் இல்லாத நேரம் உள்ளே போய்க் குடியிருக்கிற கதை. அதிலும் புலமைச் சொத்துச் சட்டத்தின் 178ஆம் பிரிவில் மென்பொருளுக்கென்றே தனியாக ஒரு உட்பிரிவு இருக்கிறது. அடுத்தவரின் உரிமையை மீறுகிற கணினி நிரல் தன்னிடம் இருக்கிறது என்று அறிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், வேண்டுமென்றே அதை வணிக இலாபத்துக்குப் பயன்படுத்துகிறவர் குற்றவாளி. நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கலியாண அல்பத்துக்குப் படத்தைத் திருத்திக் காசு வாங்கினால் அது வணிக இலாபம்தான், இதில் வாதாட எனக்கு வழி தெரியவில்லை. ஆகவே "பொலிஸ் பிடிக்கிற குற்றமா" என்ற கேள்விக்கு, உங்கள் கடையின் மூன்று போட்டோஷொப்பையும் பொறுத்தமட்டில் பதில் ஆம்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லலாமா என்றும் ஆட்கள் கேட்பார்கள். தெரியாமல் நடக்கவும் முடியும். பழைய லப்டொப் ஒன்றை வாங்குகிறீர்கள், விண்டோஸ் ஏற்கெனவே இயங்குகிறது, விற்றவர் ஒரிஜினல் என்று சொல்லி பில்லும் தந்திருக்கிறார் என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டோல் செய்யும்போது அன்டிவைரஸை நிறுத்தி, நெட்டைக் கழற்றி, பைல் ஒன்றைக் கொப்பி பண்ணி மேலே ஒட்டினவர் நீதவான் முன்னால் நின்று தெரியாது என்று சொன்னால் எப்படி எடுபடும்? "நம்பக் காரணம் இருந்தும்" என்ற சொற்கள் சட்டத்தில் இருப்பதே அந்த ஆளுக்காகத்தான். கிராக் சீடியை வைத்து விற்கிறவருக்கும் இதே 178இல் வேறு உட்பிரிவு இருக்கிறது.

வீட்டில் படிக்கிற பிள்ளை கிராக் பாவித்தால்? வணிக இலாபம் இல்லாததால் மேலே சொன்ன உட்பிரிவு பொருந்தாது. அதற்காக அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்று சட்டம் தருகிற சலுகையில் இருந்து கணினி நிரல்களை விலக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அது பதிப்புரிமை மீறல், உரிமையாளர் சிவில் வழக்குப் போடலாம், வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 178இன் முதலாம் உட்பிரிவும் இருக்கிறது. உயர்தரம் படிக்கிற பிள்ளையைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பது உண்மை. பிடிபடமாட்டோம் என்பதையும் குற்றம் இல்லை என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மச்சானின் ஒபிஸ்தான் உண்மையில் சிக்கலான இடம். காசு கொடுத்து வாங்கினது, கீ உண்மையானது, ஆனால் அந்தப் பதிப்பின் விதிகளில் வணிகத் தேவைக்குப் பாவிக்கக் கூடாது என்று இருக்கிறது. இது வாக்கா, எல்லையா? என் கருத்தில் எல்லைதான். "இந்தத் தேவைக்கு மட்டும் இதை நிறுவிப் பாவிக்கலாம்" என்று அனுமதியையே அளந்து கொடுத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு வெளியே நடக்கிற ஒவ்வொரு நிறுவலும் அனுமதி இல்லாத பிரதி என்று கம்பனி வாதிடலாம், அந்த வாதம் பலமானது. எதிர்ப்பக்கம் நின்று, பிரதி எடுக்க அனுமதி இருந்தது, பாவித்த விதம்தான் பிழை, ஆகவே இது உடன்படிக்கைப் பிணக்கு மட்டும் என்று நான் வாதாடவும் கூடும். வரைபடம் கீறுகிற ஓட்டோகேட் மென்பொருளின் மாணவர் பதிப்பிலும் இதே பிரச்சினை இருந்தது. அதில் வரைந்து பிரின்ட் எடுத்தால் மாணவர் பதிப்பில் செய்தது என்று ஓரத்தில் பல வருடமாக முத்திரை விழுந்தது, அதில் இருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொரு வரைபடத்தில் ஒட்டினால் முத்திரையும் கூடவே போனது. எனக்குத் தெரிந்த வரைபடக் கந்தோர் ஒன்றுக்கு வெளிநாட்டுக் கம்பனியின் சட்டத்தரணிகளிடம் இருந்து கடிதம் வந்தபோது, அவர்கள் வாதாடிப் பார்க்கவே விரும்பவில்லை, எத்தனை மெஷின் என்று எண்ணிச் சொல்லிக் காசைக் கட்டினார்கள். அவர்கள் செய்தது புத்தி. இப்படியான சிவில் வழக்கு கொழும்பில் வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகும், திருகோணமலையில் இருந்து ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ் ஏறுகிற செலவைப் பார்த்தால் லைசன்ஸ் மலிவு.

சரி, "நான் சம்மதம் என்று ஒரு பட்டனை அமத்தினேன், அவ்வளவுதான், கையெழுத்து வைக்கவில்லையே" என்று சொல்கிறவர்களுக்கு: எங்கள் ஒப்பந்தச் சட்டத்தின் அடி உரோம-டச்சுச் சட்டம், அதில் பொதுவாக உடன்பாடு இருந்தால் போதும், கையெழுத்து எல்லாவற்றுக்கும் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு வழியில் செய்த ஒப்பந்தத்தை அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவிட முடியாது என்று சொல்கிறது. ஆனால் வாசிக்க ஒரு வாய்ப்பாவது தந்திருக்க வேண்டும். 2002இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் தோற்ற வழக்கில், டவுன்லோட் பட்டனுக்குக் கீழே திரையை இறக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில் விதிகளை வைத்திருந்தார்கள், பயனர் அதற்குச் சம்மதித்ததாக எடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதியில் எழுதினால் எல்லாமே செல்லும் என்றும் இல்லை. மகாஃபி மென்பொருளை வெளியிட்ட கம்பனி, தன் அனுமதி இல்லாமல் விமர்சனம் எழுதக் கூடாது என்று ஒரு வரி போட்டது. 2003இல் நியூயோர்க் நீதிமன்றம் அதைத் தடுத்தது. மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினவன் அது கூடாதென்று சொல்லவும் உரிமை உள்ளவன், அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இலவச மென்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகள் சிலர் என்னிடம் "ஓப்பன் சோர்ஸ் என்றால் லைசன்ஸ் பிரச்சினையே இல்லைதானே" என்று கேட்டிருக்கிறார்கள். பாவிப்பதற்கு இல்லை. எடுத்து, மாற்றி, தன் பொருளாக விற்கப் போனால் இருக்கிறது. விளையாட்டு ரயில்களை ஓட்டுகிற ஒரு சின்ன இலவச நிரலின் பகுதிகளை ஒரு கம்பனி, எழுதினவர்களின் பெயரையும் மற்ற விபரங்களையும் விட்டுவிட்டுத் தன் பொருளில் சேர்த்தது. 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த இலவச லைசன்ஸின் வரிகள் வெறும் வாக்குகள் அல்ல, அனுமதியின் நிபந்தனைகள் என்று தீர்த்தது. அதாவது மீறினால் பதிப்புரிமை மீறல். அதற்கு நாலு வருடத்துக்கு முதல், 2004இலேயே, ஜேர்மனியில் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல் என்ற இலவச மென்பொருள் லைசன்ஸை மீறின ரவுட்டர் கம்பனிக்கு எதிராகத் தடை கொடுத்திருந்தது. பாருங்கள், காசுக்கு விற்கிற விளையாட்டுக் கம்பனியின் விதி வெறும் வாக்காகிப் போனது, ஒரு சதம்கூட வாங்காத ரயில் நிரலின் வரி எல்லையாக நின்றது. விலை இங்கே கணக்கில் வராது, எழுதின சொற்கள் எதைக் கட்டுகின்றன என்பதுதான் கணக்கு.

ஒரு சந்தாவை நாலு கடை சேர்ந்து பாவிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மத்திய வீதியில் அது நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பாஸ்வேர்டைப் பகிர்வது முதலில் வாக்கு மீறல், கம்பனி கணக்கை மூடிவிடலாம். வேலையை விட்டுப் போனவர் பழைய முதலாளியின் கணக்குக்குள் பிறகும் நுழைந்தால் அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் போய்விடும், அதில் அதிகாரம் இல்லாமல் நுழைவதற்கு ஐந்து வருடம் வரை சிறை இருக்கிறது. விதிமுறையை மீறின ஒவ்வொருவரையும் இந்த மாதிரியான சட்டத்தில் பிடிக்கலாம் என்ற வாதத்தை 2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்றால் சாதாரண ஆட்கள் இலட்சக்கணக்கில் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள் என்று அங்கேயே எழுதினார்கள். எங்கள் சட்டத்தையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி என்ன செய்யலாம்? போட்டோஷொப்புக்கு ஒரு மாதச் சந்தா எடுங்கள், படம் திருத்துகிற ஒரு மெஷினில் மட்டும். மற்ற இரண்டிலும் கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள்களைப் போடுங்கள், பில் அடிக்க லிப்ரே ஒபிஸ் தாராளம். உங்களுக்கு வரப்போகிற உண்மையான கஷ்டம் பாமினி, யூனிக்கோட்டுக்கு முந்தின அந்தப் பழைய தமிழ் எழுத்துரு. பழைய கலியாணக் கார்ட்டும் அந்தியேட்டி அழைப்பும் எல்லாம் பாமினியில்தான் அடித்து வைத்திருப்பீர்கள், யூனிக்கோட்டுக்கு மாற்ற ஒரு கிழமை உட்கார வேண்டி வரும். எழுத்துருவுக்கும் லைசன்ஸ் உண்டு என்பதை பிரின்டிங் செய்கிற ஆட்கள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, பலூ தம்பி போன்றவை திறந்த எழுத்துரு லைசன்ஸில் வருகின்றன, பனர் அடித்து விற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக மாமாவின் கோரல் ட்ரோ பெட்டி. எங்கள் புலமைச் சொத்துச் சட்டம், நிரல் பிரதியின் சட்டபூர்வ உரிமையாளருக்கு, வாங்கின நோக்கத்துக்குப் பாவிப்பதற்காகவும் தொலைந்தால் பதிலுக்கு வைப்பதற்காகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அந்தச் சீடி பழுதாக முதல் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். மாமா உங்களுக்குக் கைமாற்றினது செல்லுமா என்பதில் உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பழைய ஓட்டோகேட் பெட்டிகளை ஈபேயில் விற்றவர் 2010இல் அமெரிக்காவில் தோற்றார், வாங்கினவர் உரிமையாளர் இல்லை, லைசன்ஸ் பெற்றவர் மட்டும்தான் என்றார்கள். 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒராக்கிள் வழக்கில் நேர்மாறாக, காலவரையறை இல்லாமல் விற்ற லைசன்ஸை வாங்கினவர் மறுபடி விற்கலாம் என்றது. நீங்கள் பெட்டிக்குள் இருக்கிற தாளில் கைமாற்றுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாமாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள், தன் கம்பியூட்டரில் இருந்து அழித்துவிட்டேன், பெட்டியையும் கீயையும் கடையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்று. பழைய பில் கிடைத்தால் அதையும் கடிதத்தோடு பின் அடித்து, கடைப் பதிவுப் பத்திரம் இருக்கிற பைலிலேயே வையுங்கள்.